ஒரு கோடி கொடுத்து பி.ஜி. படிப்பதா, கையில் இருக்கும் அரசு வேலையில் நீடிப்பதா?

கேள்வி: எனக்கு 28 வயது. தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் தேர்வாகி, 8 மாதமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக இருக்கிறேன். கணவரும் எம்.பி.பி.எஸ். தான். தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக மாதம் 45 ஆயிரம் வாங்குகிறார். 2 வயதில் மகன் இருக்கிறான். கார் கடனுக்கு மாதம் 14 ஆயிரம் போகிறது. பட்டமேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதினேன், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு ரேங்க் வரவில்லை. "தெருவுக்கு நாலு டாக்டர் வந்தாச்சு, வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இனி மதிப்பில்லை, அரசு வேலையில் புரமோஷனும் கிடையாது" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ரேடியாலஜி சேர மொத்தம் 1 கோடி ஆகும். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா, நிலத்தை விற்று 40 லட்சம் தருகிறேன் என்கிறார். மீதி 60 லட்சத்துக்கு வங்கிக் கடன். அது வேண்டாமென்றால் 15 லட்சம் கடன் வாங்கி மாலை நேர கிளினிக் போடலாம் என்பது கணவரின் யோசனை. என்ன செய்யலாம்?

பதில்: வேலையை விடாதீர்கள், டாக்டர். அப்பாவின் நிலத்தை விற்க வேண்டாம். கிளினிக்குக்கு 15 லட்சம் கடனும் வேண்டாம். மூன்றுக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் நழுவப் போவதில்லை. காரணங்களைச் சொல்கிறேன், அப்புறம் வேறு வழியையும் சொல்கிறேன்.

வீட்டில் சொல்வது பொய்யில்லை. நாட்டில் 2014 வாக்கில் 51 ஆயிரமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 2024-25-ல் 1 லட்சத்து 18 ஆயிரமாகிவிட்டன. தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் ஒரு வரம்பு சொன்னது. தமிழ்நாடு அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டியிருந்ததால்தான் இங்கே அத்தனை எதிர்ப்பு கிளம்பியது. இவர்களோடு வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கணவரின் 45 ஆயிரம் சம்பளத்துக்குக் காரணம் இதுதான். அவரிடம் குறை எதுவும் இல்லை. அவர் அந்த வேலையை விட்டால், அதே சம்பளத்துக்கு மறுநாளே ஆள் கிடைக்கும் என்பது மருத்துவமனைக்குத் தெரியும்.

ஆனால் இந்த உண்மையிலிருந்து உங்கள் வீட்டில் எடுத்திருக்கும் முடிவு தலைகீழாக இருக்கிறது. டாக்டர்கள் பெருகினால் மதிப்புக் குறைவது பட்டத்துக்கு. அரசு வேலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நிரந்தர இடத்துக்கோ மதிப்பு ஏறிக்கொண்டுதான் போகும். 2025 ஜனவரியில் எம்.ஆர்.பி. நடத்திய உதவி மருத்துவர் தேர்வில் 2,553 இடங்களுக்குச் சுமார் 24 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கிடைக்கவில்லை என்று அரசு புலம்பிய காலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு வேலையை உதறிவிட்டுப் போனவர்களுக்குத் திரும்பி வருவது இவ்வளவு கடினமாக இல்லை. இன்று நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்தால், திரும்பி வருவதற்கு அந்த 24 ஆயிரம் பேரோடு மறுபடி தேர்வு அறையில் உட்கார வேண்டும்.

சரி, அந்த இடத்தின் மதிப்பை ரூபாயில் பார்ப்போம். உங்கள் அடிப்படை ஊதியம் 56,100. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படி 32,538. இரண்டும் சேர்ந்து 88,638. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துக் கூடும். இதில் 10 சதவீதம், அதாவது 8,864 ரூபாய், ஓய்வூதியப் பிடித்தமாகப் போகிறது. அரசும் தன் பங்கைப் போடுகிறது. மற்ற சில்லறைப் பிடித்தங்களும் போக 80 ஆயிரத்தை ஒட்டிக் கைக்கு வரும். ஆண்டுக்கு 10 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம் என்பதால், புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை; அங்கே சம்பளதாரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி வராது. ஒரே பட்டம், ஒரே வீடு, ஆனால் உங்கள் சம்பளம் கணவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் பேச்சு எழும்போது இதை யாராவது சொன்னார்களா?

இனி புரமோஷன் பற்றிய புகார். அதில் நியாயம் இருக்கிறது. 2009-ல் வந்த 354-ஆம் எண் அரசாணைப்படி 8, 15, 17, 20 ஆண்டுகள் என்று படிப்படியாகத்தான் ஊதிய நிலை உயரும். 20 ஆண்டில் கிடைப்பதை 12-ஆம் ஆண்டிலேயே தர வேண்டும் என்று அரசு டாக்டர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். 2019 அக்டோபர் இறுதியில் வேலைநிறுத்தம்வரை போனார்கள். பணத்தைத் திட்டமிடுகிறவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: அந்தக் கோரிக்கை நிறைவேறும் என்று எண்ணி ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். ஆண்டுக்கு சுமார் 3 சதவீத இன்க்ரிமென்ட், அகவிலைப்படி, அவ்வளவுதான் கணக்கில் வரட்டும். அப்படிப் பார்த்தாலும் 10 இன்க்ரிமென்ட்டில் உங்கள் அடிப்படை ஊதியம் 75,400 ஆகிவிடும். புதிய ஊதியக் குழுவோ புதிய அரசாணையோ வந்தால் அது கூடுதல் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையோடு சேர்ந்து வந்திருக்கும் பெரிய சொத்து ஒன்று கடிதத்தில் இல்லவே இல்லை. அதுதான் சர்வீஸ் கோட்டா. அரசுக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக மாநிலத்திடம் இருக்கும் இடங்களில் பாதியைத் தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு ஒதுக்குகிறது. இடையில் இந்த ஒதுக்கீட்டின் மீதே கேள்வி எழுந்து வழக்கு நடந்தது. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. போன முறை நீங்கள் மோதியது நாடு முழுக்க எழுதிய 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு. 2 ஆண்டுப் பணி முடித்துவிட்டால், இந்த இடங்களுக்கு நீங்கள் மோதப்போவது உங்களைப் போலவே பகலில் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் படிக்கிறவர்களோடு மட்டும்தான். கடினமான, தொலைதூரப் பகுதியில் பணியாற்றியிருந்தால் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. படிக்கும் 3 ஆண்டும் சம்பளம் வந்துகொண்டிருக்கும். கட்டணமோ அரசுக் கல்லூரிக் கட்டணம்.

இதற்கும் விலை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சர்வீஸ் கோட்டாவில் சேருகிறவர்கள் ஓய்வு வயதுவரை, அதாவது 60 வயதுவரை, அரசுப் பணியில் இருப்பதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நடுவில் கிளம்புவது லேசான காரியமில்லை. இன்னொன்று, எல்லாப் பிரிவும் எல்லா ஆண்டும் திறந்திருக்காது. 2024-ல் சில பிரிவுகளை இந்த ஒதுக்கீட்டிலிருந்து நீக்கி அரசாணை வந்து, டாக்டர் சங்கங்கள் கொதித்தது உங்களுக்கே நினைவிருக்கும். ரேடியாலஜிதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், அந்தந்த ஆண்டு சேர்க்கை விவரக் குறிப்பேட்டை முதலில் பாருங்கள். மயக்கவியல், குழந்தை மருத்துவம், மகப்பேறு போன்ற பிரிவுகளுக்கும் மனம் தயார் என்றால் உங்கள் வாய்ப்பு கணிசமாகக் கூடும். எந்தப் பிரிவு பிடிக்கும் என்பது உங்கள் விஷயம், அதில் நிதி ஆலோசகர் மூக்கை நுழைக்கக் கூடாது.

அடுத்து அந்த 1 கோடி. 60 லட்சத்தை ஆண்டுக்கு 20 லட்சமாக 11 சதவீத வட்டியில் எடுக்கிறீர்கள், படிக்கும்போது வட்டி கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகிறீர்கள் என்று வைப்போம். படிப்பு முடியும் நாளில் கடன் 75 லட்சமாக நிற்கும். 10 ஆண்டில் அடைக்க மாதத் தவணை 1 லட்சத்து 3 ஆயிரம் ரூபாய். மொத்தத்தில் நீங்கள் வங்கிக்குக் கட்டுவது 1 கோடியே 24 லட்சம். அதோடு அப்பாவின் 40 லட்சம். அதோடு 3 ஆண்டில் நீங்கள் இழக்கும் அரசுச் சம்பளம் 32 லட்சம். கல்லூரி தரும் ஸ்டைபண்டை, அதாவது உதவித்தொகையை, இதில் கழித்துக்கொள்ளலாம். ஆக, 1 கோடி என்று பேசப்படும் படிப்பின் உண்மை விலை, ஸ்டைபண்டைக் கழிப்பதற்கு முன், 1 கோடியே 96 லட்சத்தைத் தொடுகிறது. கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே என்பீர்கள். அது பழைய வரி முறையில் மட்டும்தான்.

இன்றைக்கு ரேடியாலஜிஸ்ட் சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கடன் அடைக்கப்போவது 3 ஆண்டு கழித்துத் தொடங்கும் 10 ஆண்டில். எம்.பி.பி.எஸ். இடங்களைப் போலவே பட்டமேற்படிப்பு இடங்களும் 2014 வாக்கில் இருந்த 31 ஆயிரத்திலிருந்து 73 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இப்போது நடந்தது நிபுணர்களுக்கும் நடக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேன் படத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்த்து, ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் தொழிலில், பெருக்கம் வந்தால் முதலில் அடிபடுவது அந்தத் தொகைதான். சம்பளம் இறங்கலாம். மாதத் தவணை இறங்காது.

கிளினிக் விஷயத்தில் கணவரின் யோசனை தப்பில்லை, தொகைதான் தப்பு. தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பிராக்டிஸ் செய்ய அனுமதி உண்டு. பல மாநிலங்களில் இந்த வசதி கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கிளினிக் ஓர் ஊரில் வேர் பிடிக்கும். உங்கள் வேலையோ இடமாறுதல் கவுன்சிலிங்கில் ஊர் மாறும். பி.ஜி. கிடைத்தால் 3 ஆண்டு அங்கே உங்கள் நிழல்கூட விழாது. அதற்குப் போய் ஏ.சி., அல்ட்ரா சவுண்டு, உள் அலங்காரம் என்று 15 லட்சத்தை இறக்குவானேன்? ஓர் அறை வாடகைக்கு எடுத்து, பதிவை முறையாகச் செய்து, கைக்காசு ஒன்றரை லட்சத்துக்குள் தொடங்குங்கள். அதையும் கணவர் பெயரில், அவர் முழுநேரமாகக் கவனிக்கும் இடமாகத் தொடங்கினால் இன்னும் நல்லது. அவருடைய 45 ஆயிரம் வேலைதான் உங்கள் வீட்டில் விட்டுவிடக்கூடிய வேலை. கிளினிக் வரவை வருமான வரியில் காட்டும்போது, மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான வரி முறை டாக்டர்களுக்கு உண்டு. சிறிய கிளினிக்குக்குக் கணக்குப் புத்தகத் தொல்லை இல்லை. தொழில்முறைக் கவனக்குறைவுக் காப்பீடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மாதாமாதம் பழைய ஓய்வூதியம் வாங்குகிறவர் என்று ஊகிக்கிறேன். அதனால்தான் நிலத்தை விற்க அவருக்குப் பயம் இல்லை, மகளுக்கும் ஒருநாள் அதே போல வரும் என்று நினைக்கிறார். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்தம் இல்லாத அந்தப் பழைய ஏற்பாடு கிடையாது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது; அதிலும் ஊழியர் பங்குக்குப் பிடித்தம் உண்டு. உங்கள் சம்பளப் பட்டியலில் என்ன பிடித்தம் இருக்கிறதோ அதை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள். ஓய்வூதியத்தை மட்டும் நம்பாமல் முதுமைக்கான பணத்தை நீங்களும் சேர்க்க வேண்டியிருக்கும். அதை 28 வயதில் தொடங்குவதும் 75 லட்சம் கடனை அடைத்துவிட்டு 41 வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல.

மாதப் பணத்துக்கு நான் போடும் கணக்கு எளிமையானது. கார் கடன், வீட்டுச் செலவு போக உங்கள் இருவர் வருமானத்தில் 40 ஆயிரமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். முதல் ஓர் ஆண்டு அதை வங்கி ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு அவசர நிதியாக 4, 5 லட்சம் சேருங்கள். அப்புறம் மாதம் 20 ஆயிரம், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகப் (மாதத் தவணை முதலீடாக) போகட்டும். இருவர் பெயரிலும் தலா 1 கோடிக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள். பணம் திரும்ப வரும் பாலிசி வேண்டாம். மருத்துவமனை வாசலிலேயே ஏஜென்ட்கள் காத்திருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

நீட் பி.ஜி.க்கு உங்களுக்கு நீங்களே ஓர் எல்லை வையுங்கள்: 2 ஆண்டுப் பணி முடிந்த பிறகு 3 முயற்சி. அதிலும் எம்.டி. கிடைக்கவில்லையென்றால், தேசியத் தேர்வு வாரியம் மாவட்ட மருத்துவமனைகளில் நடத்தும் 2 ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. மயக்கவியல், குழந்தை மருத்துவம், மகப்பேறு, ரேடியாலஜிகூட அதில் உண்டு. நுழைவு அதே நீட் பி.ஜி. ரேங்க்கில்தான் என்பதால் தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை. பணியில் இருந்துகொண்டே அதில் சேர என்ன அனுமதி தேவை என்பதை இப்போதே உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள். தனியார் கல்லூரிக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். சேர்க்கை முடிந்த பிறகு கேட்டால் வாங்குவது கடினம்.