சூனியம்னா என்ன, ஏன் எல்லா நாட்டுலயும் இதை நம்புறாங்க?

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க வீட்டுல கடை படுத்துட்டாலோ கல்யாணம் தள்ளிப் போனாலோ இந்தக் கேள்வி வந்துடும். சிம்பிளா சொன்னா, கண்ணுக்குத் தெரியாத சக்தியால ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கெடுதல் பண்ண முடியும்ங்கிற நம்பிக்கை. நாம செய்வினை, ஏவல்னு சொல்றோம், சுலு ஆளுங்க அப்படிப் பண்றவரை உம்தகாத்தினு சொல்வாங்க.

கெட்டது நடந்தா எப்படி நடந்துச்சுனு தெரிஞ்சிடும், ஆனா ஏன் எனக்கு, ஏன் இப்பனு கேட்டா பதில் இருக்காது. இன்டர்வியூ போற வழியில டயர் பஞ்சர்னா ஆணிதான் குத்துச்சு, ஆனா இன்னைக்குப் பார்த்தா குத்தணும்னு மனசு கேக்கும்ல, அந்த ஓட்டையைத்தான் சூனியம் அடைக்குது. 1920கள்ல தெற்கு சூடான் பக்கம் அசாண்டே மக்களோட தங்கி ஆராய்ச்சி பண்ண மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சர்டும் இதைத்தான் எழுதினார்: கரையான் அரிச்சுதான் தானியக் குதிர் சரிஞ்சதுனு அவங்களுக்கே தெரியும், கீழ ஆள் உக்காந்திருந்த நேரம் பார்த்து சரிஞ்சதுக்குத்தான் சூனியத்தைச் சொன்னாங்க.

பழி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, வயசான பொம்பளைங்க மேலதான் விழும் (பொறாமை தூரத்துல இருந்து வராதுல்ல). ஐரோப்பாவுல 15லேர்ந்து 18ஆம் நூற்றாண்டுக்குள்ள சூனியக்காரங்கனு சொல்லி சுமார் 40,000 முதல் 60,000 பேரைக் கொன்னிருக்காங்க, அதுல பெண்கள்தான் அதிகம். இங்க சவுத் ஆப்பிரிக்காவுல 1957ல வந்த சட்டம் ஒருத்தரை சூனியக்காரர்னு பழி சொல்றதையே குற்றமாக்கிடுச்சு.

அப்புறம், சங்கோமானாலே சூனியம் வைக்கிறவர்னு நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, அவங்க குறி பார்த்து வைத்தியம் பண்றவங்க, சூனியத்தை எடுக்கத்தான் ஜனங்க அவங்ககிட்ட போறாங்க.