மேல்முறையீட்டில் பத்திரிகைச் செய்தியைச் சாட்சியமாக வைக்க முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: அடிதடி வழக்கில் தம்பிக்குக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை ஆகிவிட்டது. போலீஸ் தரப்புப்படி சம்பவம் இரவு 8 மணிக்கு. மறுநாள் வந்த நாளிதழிலோ மாலை 5 மணி என்று இருக்கிறது. 5 மணிக்குத் தம்பி வேலை பார்க்கும் இடத்தில் இருந்ததற்கு ஆள் இருக்கிறது. மேல்முறையீட்டில் அந்தச் செய்தியை வைத்தால் எடுபடுமா?

செய்தியை மட்டும் வைத்தால் எடுபடாது. அதற்காகத் தாளைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம்.

நான் வக்கீலாவதற்கு முன் சில வருடம் க்ரைம் நிருபராக இருந்தவன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஸ்டேஷன் ஸ்டேஷனாக போன் போடுவேன். ரைட்டர் (ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் போலீஸ்காரர்) சொல்லச் சொல்ல நோட்டில் கிறுக்கிக்கொள்வேன். நேரமாகிவிட்டால் உட்கார்ந்து எழுதுவதெல்லாம் கிடையாது, போனிலேயே பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்குக்கு ஒப்பித்துவிடுவேன். அங்கே ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி வெட்டுவார். அப்படி ஒரு தடவை நான் சொன்ன 'நேற்று முன்தினம் இரவு', 'நேற்று இரவு' என்று அச்சாகிவிட்டது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பு வக்கீல் ஒருவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டார். வந்து என்ன சொல்வது? சம்பவ இடத்துப் பக்கமே நான் போகவில்லை. நோட்டும் எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டது. 'ரைட்டர் சொன்னார், எழுதினேன்' என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. பாவம், முகம் விழுந்துவிட்டது அவருக்கு.

இதைத்தான் சட்டம் செவிவழிச் சாட்சியம் என்கிறது. ஜார்ஜ் பெர்னாண்டஸின் வெற்றியை எதிர்த்த தேர்தல் வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: நிருபர் தகவல் திரட்டுகிறார், ஆசிரியர் திருத்தி வெளியிடுகிறார், இந்த வழியில் உண்மை திரிந்துவிடக்கூடும். படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய டெஸ்க்தான் ஞாபகம் வரும். 1988-ல், சென்னை வங்கிக் கொலை - கொள்ளை தொடர்பான லட்சுமி ராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கிலும் அதே நிலைதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு (இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 80) நாளிதழ் உண்மையான நாளிதழ்தான் என்று அனுமானிக்க இடம் தருகிறது. அதில் அச்சான சம்பவமும் அப்படியே நடந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. நேரில் கண்டவரோ கேட்டவரோ கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

சரி, அந்த ஆளையே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு தடை இருக்கிறது. மேல்முறையீட்டில் புதுச் சாட்சியம் எடுக்க பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 432-ஆம் பிரிவு, இடம் தருகிறது. ஆனால் கேட்டவுடன் தந்துவிட மாட்டார்கள். 2024 ஜனவரியில் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உரிய அக்கறை காட்டியும் விசாரணையின்போது கொண்டுவர முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது விஷயமே பிறகுதான் தெரியவந்திருக்க வேண்டும். உங்கள் தாளோ மறுநாளே கடைக்கு வந்தது. 'இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது?' என்று அரசு வக்கீல் கேட்பார். செவிவழி என்கிற ஆட்சேபணையைவிட எனக்கு இதுதான் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. வெப்சைட்டிலிருந்து எடுத்த பிரிண்ட் என்றால், மின்னணு ஆவணங்களுக்கான சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும்.

செய்தி வந்தது என்பதே விஷயமாகிற வழக்குகள் வேறு வகை. எதிரியின் போட்டோ பேப்பரில் வந்த பிறகு அடையாள அணிவகுப்பு (பலரை நிறுத்தி அதில் எதிரியைச் சாட்சி அடையாளம் காட்டச் சொல்வது) நடத்தினார்கள் என்று வையுங்கள். சாட்சி அந்த முகத்தை ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்பு உண்டு என்று வாதாடலாம். செய்தியில் எழுதியது நிஜமா பொய்யா என்ற கேள்வியே அங்கே எழாது. எந்தத் தேதியில் அச்சானது என்பதுதான் கணக்கு. உங்கள் கேஸ் இந்த வகை இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தாளை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன். 5 மணி என்பதை யாரோ ஒருவர் சொல்லித்தான் நிருபர் எழுதியிருப்பார், அச்சுப் பிழையாக இல்லாவிட்டால். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது அடிபட்டதாகச் சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். எஃப்.ஐ.ஆர். பதிவான நேரமும், அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரமும் ஆவணத்திலேயே இருக்கும். இவை பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டிலேயே மார்க் ஆகியிருக்கும், அதாவது சாட்சிய ஆவணமாக எண் போட்டு ஏற்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் 432 மனுவே வேண்டாம், இருப்பதை வைத்தே வாதாடலாம். ஏ.ஆர். காப்பியில் ஆறு மணிக்கு அட்மிட் என்று இருந்து, அதை யாரும் குறுக்கு விசாரணையில் தொடாமல் விட்டிருந்தால், உங்கள் மேல்முறையீட்டின் முதல் காரணமே அதுதான். வக்கீலிடம் போகும்போது நாளிதழை அடியில் வைத்து, கேஸ் கட்டை மேலே வைத்துக் கொடுங்கள்.