காற்றுக்கு ஒரு வண்டி, மலைக்கு ஒரு வண்டியா?

மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து கொடைக்கானல் போகிறேன், நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்று நெஞ்சில் அறைந்து கழுத்து வலிக்கிறது, ராயல் என்ஃபீல்டு பைக்குகளில் சூப்பர் மீட்டியர் 650 டூரரா ஹிமாலயன் 450-ஆ என்று கேட்டிருந்தீர்கள்.

நெடுஞ்சாலை மட்டும் என்றால் யோசிக்காமல் மீட்டியர். ஹேண்டிலுக்கு முன்னால் இருக்கும் உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி நெஞ்சுக்கு வரும் காற்றைத் தடுத்துவிடும். 241 கிலோ எடை, லாரி கடக்கும்போதும் அசையாது. ஆனால் மலையில் அந்த எடையைக் கொண்டைஊசி வளைவில் மெதுவாகத் திருப்புவது தனி வேலை. கால்மிதியும் தாழ்வு, கொஞ்சம் சாய்த்தாலே தார்ச்சாலையில் உரசும்.

ஹிமாலயன் 196 கிலோதான், ஹேண்டில் அகலம், வளைவில் சொன்னபடி கேட்கும். கண்ணாடி சின்னது. அதை உயரமானதாக மாற்றிக்கொள்ளலாம், எடையை மாற்ற முடியாதே! அதனால் என் ஓட்டு ஹிமாலயனுக்கு. இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர், கால் எட்டுகிறதா பாருங்கள்.

அப்புறம், கண்ணாடி உயரம் ஆளுக்கு ஆள் மாறும். விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று ஹெல்மெட்டில் மோதினால் கழுத்து வலி இன்னும் கூடும். டெஸ்ட் ரைடில் எண்பதில் போகும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, உயர்த்திப் பாருங்கள். தாழ்த்தும்போது இரைச்சல் அடங்கினால் உயரமான கண்ணாடி, உயர்த்தும்போது அடங்கினால் குட்டையானது.