அகச்சிவப்புப் படங்களும் மாற்றியமைத்த கேமராவும்: கேள்வி பதில்

கேள்வி: கேமராவுக்குள் எதை மாற்றுகிறார்கள்?

பதில்: சிலிக்கான் சென்சார் இயல்பிலேயே ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரையிலான ஒளியை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் ஒரு பகுதியையும், உணரும். அகச்சிவப்பு கலந்தால் நிறங்கள் கெடும் என்பதால், அதைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைத் தயாரிப்பாளர்கள் சென்சாருக்கு முன் வைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைப் பொருத்துவதே மாற்றியமைத்தல். மாற்றாத கேமராவில் லென்ஸின் முன் அதே ஃபில்டரை மாட்டினால் ஒரு படத்துக்குப் பல வினாடிகள் ஆகலாம். மாற்றிய கேமராவைக் கையில் பிடித்தே எடுக்கலாம்.

கேள்வி: இலைகள் சூடாக இருப்பதால்தான் இந்தப் படங்களில் வெள்ளையாகத் தெரிகின்றனவா?

பதில்: இல்லை, பலரிடமும் நான் திருத்த வேண்டியிருக்கும் எண்ணம் இது. உடல் வெப்பத்தைக் காட்டும் கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளைப் பதிவுசெய்கின்றன. நம் சென்சார் அந்த எல்லையை நெருங்குவதே இல்லை. நமக்குக் கிடைப்பது இலையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான். பச்சையம் அருகு அகச்சிவப்பை (கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பை) உறிஞ்சுவதில்லை. இலைக்குள் செல்களும் காற்று இடைவெளிகளும் மாறிமாறி அமைந்திருப்பதால் அந்த ஒளி பலமுறை சிதறிப் பெருமளவு வெளியே வந்துவிடுகிறது. 1910 வாக்கில் இத்தகைய படங்களை வெளியிட்ட இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட்டின் பெயரால் இது வுட் விளைவு எனப்படுகிறது. ஆகவே, மற்ற படக்காரர்கள் ஒதுக்கும் உச்சிவெயில்தான் நமக்கு உகந்த நேரம்.

கேள்வி: 590, 720, 850 ஆகியவற்றில் எந்த ஃபில்டர்?

பதில்: ஏறத்தாழ எத்தனை நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை ஃபில்டர் உள்ளே விடும் என்பதையே இந்த எண்கள் குறிக்கின்றன. என் தேர்வு 720. நிறத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் அது ஒன்றே போதும். கறுப்பு வெள்ளை மட்டும் வேண்டுமென்றால் 850.

கேள்வி: படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் விழுகிறது. சென்சார் பழுதா?

பதில்: பெரும்பாலும் லென்ஸ்தான் காரணம். உட்பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், அகச்சிவப்பு உள்ளுக்குள் எதிரொளித்து நடுவில் குவிகிறது. துவாரத்தைச் சுருக்கச் சுருக்க வட்டம் இன்னும் எடுப்பாகத் தெரியும், அதனால் அதிகம் சுருக்காமல் எஃப்/5.6 அளவில் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மறையாவிட்டால் லென்ஸை மாற்றுவதே வழி.

கேள்வி: வீட்டிலேயே பிரித்து மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உள்ளமைந்த ஃபிளாஷ் உள்ள கேமராவின் மின்தேக்கியில், பேட்டரியைக் கழற்றிய பின்னும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். மேலும், புதிய கண்ணாடியின் தடிமன் சற்றே மாறினாலும் குவியம் பிசகிவிடும்.