மழை என்று பெயர் வைத்த பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒகவாங்கோ ஆறு கடலைச் சேராமல் போட்ஸ்வானாவின் களாஹாரி மணலில் முடிந்துபோவதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மழையே இல்லாத மாதங்களில் அங்கே வெள்ளம் வருகிறது என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அது எப்படி? இன்னொரு கேள்வி. வைரம் கிடைத்த ஆப்பிரிக்க நாடுகளில் சில போரில் சீரழிந்தன. போட்ஸ்வானா தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஒற்றை வரி என் சோம்பேறித்தனம்தான். ஒகவாங்கோவில் வரும் வெள்ளம் பெரும்பாலும் அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை. நமீபியாவின் ஒடுங்கிய பட்டை ஒன்றைக் கடந்து, தட்டையான மணற்பரப்பில் இறங்கிய பிறகு அந்தத் தண்ணீருக்கு அவசரமே கிடையாது. நாணலுக்கும் கோரைக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து மவுன் நகரப் பக்கம் எட்டிப்பார்க்க ஜூன், ஜூலை ஆகிவிடும். அங்கே அது குளிர்காலம், மேகமே இல்லாத வானம். சுற்றியுள்ள குட்டைகள் வற்றிய நேரம் பார்த்து வெள்ளம் வருவதால் யானைகளும் எருமைகளும் அங்கே குவிகின்றன.

கட்டுரையில் நான் விட்டுவிட்ட இன்னொன்று, தீவுகள். அவற்றில் பல, கரையான் தொடங்கிவைத்தவை. வெள்ளம் தொடாத உயரத்துக்குப் புற்று எழும்புகிறது. பறவையின் எச்சத்தில் விதை விழுந்து மரமாகிறது. மரங்கள் நீரை உறிஞ்ச, உப்பு தீவின் அடியில் தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அது நடுப்பகுதியில் சேர்ந்து அங்கிருக்கும் மரங்களைக் கொல்கிறது. அதனால் பழைய தீவு ஒன்றில் கரையோரம் அத்தியும் அடர்நிழலும் இருக்கும். உள்ளே போகப் போக உப்பைத் தாங்கும் மொகோலா பனை மட்டும் நிற்கும். நட்டநடுவில் வெள்ளை பூத்த பொட்டல். (நம் பனைக்கு ஒன்றுவிட்ட உறவு அது. அதன் குருத்தோலையில் அங்குள்ள பெண்கள் முடையும் கூடைகள் பெயர்பெற்றவை.) உப்பெல்லாம் தீவுகளுக்குள் சிறைப்பட்டுவிடுவதால்தான் சுற்றியுள்ள நீர் குடிக்கும்படி இருக்கிறது.

இனி அதிர்ஷ்டம். வைரம் கிடைத்தது அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. பிரிட்டிஷார் இந்த நிலத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. அதன் நிர்வாகத் தலைநகரான மாஃபெகிங், நாட்டின் எல்லைக்கு வெளியே தென்னாப்பிரிக்காவில் இருந்தது. பாமங்வாட்டோ குலத்தின் பட்டத்து வாரிசு செரெட்சே காமா 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக்கூடாதென்று பிரிட்டன் அவரை நாட்டுக்குள் விடவில்லை. தலைமைப் பட்டத்தைத் துறந்து 1956இல்தான் ஊர் திரும்பினார். பத்தே ஆண்டில், 1966 செப்டம்பர் 30 அன்று, சுதந்திர நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

நான் சொல்ல வந்தது அடுத்த ஆண்டைப் பற்றி. நிலத்தடிக் கனிமங்களின் உரிமையைக் குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டம் 1967இல் வந்தது. அதே ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒராபா இருப்பது செரெட்சேயின் சொந்தக் குலத்தின் பகுதியில்! கையெழுத்திட்டவர் தன் வீட்டுக் கொல்லையையும் சேர்த்தே பொதுவில் எழுதிக் கொடுத்திருந்தார். எந்தக் குலம் வைரத்துக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு இடமில்லாமல் போனது. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடனான சுரங்கக் கூட்டில் அரசின் பங்கும் பேரம் பேசியே பாதியாக உயர்ந்தது. இதை அதிர்ஷ்டம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனால் அந்த நாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். 1976இல் சொந்த நாணயம் வந்தபோது அதற்கு 'புலா' என்று பெயரிட்டார்கள். செட்ஸ்வானா மொழியில் மழை என்று பொருள். வாழ்த்தும் அதே சொல்தான், கூட்டங்களில் 'புலா!' என்று முழங்குவார்கள். மழையைக் காசில் பொறித்த அதே அரசு, 2002இல் மத்திய களாஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து அங்கு வாழ்ந்த சான் பழங்குடி மக்களை வெளியேற்றியபோது அவர்களின் ஆழ்துளைக் கிணற்றை மூடியது. அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் கிணறு திறக்கவில்லை. தங்கள் மண்ணில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக அவர்கள் மறுபடியும் வழக்காட வேண்டியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வழங்கியது 2011 ஜனவரியில்.