இங்கிலீஷ் தெரியாத அக்கா, இங்கிலீஷ் பத்தியைப் படித்து விடை எழுதத் தம்பிக்குச் சொல்லித்தர முடியுமா?

கேள்வி: என் தம்பி பேரணாம்பட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். தமிழ் மீடியம், சயின்ஸ் குரூப். மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை. இங்கிலீஷில் கட்டுரை, லெட்டர், பாட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி எழுதிவிடுவான். புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, படித்து விடை எழுதச் சொன்னால் மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறான். அரையாண்டுத் தேர்விலும் அந்த இடம் வெற்றுத்தாள்தான். கேட்டால், "தமிழ் மீடியம் பையனுக்கு இதெல்லாம் வராதுக்கா" என்கிறான். அவனுக்கு நர்சிங் படிக்க ஆசை. நான் பத்தாவதோடு நின்று ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். விடிந்ததும் வேன் வந்துவிடும், வீடு திரும்ப இருட்டிவிடும். குடியாத்தத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் பணம் கட்டிச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். போன வாரம் ஆத்திரத்தில் அவன் நோட்டைத் தூக்கி வீசிவிட்டேன். அன்றிலிருந்து என் முன்னால் இங்கிலீஷ் புத்தகத்தையே எடுப்பதில்லை. எனக்கும் இங்கிலீஷ் வராது. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேரணாம்பட்டு)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் பண விஷயம். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அங்கே பேசக் கற்றுத்தருவார்கள். அது தேவைதான், ஆனால் பொதுத்தேர்வு முடிந்து கோடை லீவில் சேர்ந்தால் போதும். உங்கள் தம்பியின் சிக்கல் வேறு. இத்தனை கட்டுரையை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு உழைப்பும் இருக்கிறது, ஞாபகமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை, யாரோ தனக்குச் சொல்லும் சேதி என்று நினைத்துப் படித்த பழக்கம்தான் இல்லை. அவனுக்கு அது ஒப்பிக்க வேண்டிய பொருள், அவ்வளவே. அதனால் ஒப்பிக்க முடியாத ஒன்று வந்ததும் கை நின்றுபோகிறது.

இந்தப் பழக்கத்தை உண்டாக்க நீங்களே போதும். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாததே இதில் நல்லது என்று சொல்வேன். தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், பையன் திணறும் முன்பே அர்த்தத்தைச் சொல்லிவிடுவார். உங்களால் அது முடியாது. அவன்தான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பழைய வேலூர் மாவட்டத்தில், 2019இல் அது மூன்றாகப் பிரிவதற்கு முன், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவன் நான். பத்தியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளிடம் ஒரே மாதிரி இரண்டு வழக்கம் பார்த்திருக்கிறேன். ஒன்று, முதல் வரியிலேயே தெரியாத சொல் ஒன்று வரும், அங்கேயே நின்றுவிடுவார்கள். அடுத்த வரி அந்தச் சொல்லை விளக்கியிருக்கும், ஆனால் அதுவரை போகமாட்டார்கள். மற்றொன்று, கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அது இருக்கும் வரியை முழுசாக எடுத்து எழுதிவிடுவார்கள். என்ன எழுதினோம் என்று அவர்களுக்கே தெரியாது. சில நேரம் மார்க் விழும், சில நேரம் விழாது. எதனால் என்று புரியாததால் 'இங்கிலீஷ் நமக்கு வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தமிழ் மீடியம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். தம்பி ஒரு சின்னப் பத்தியை மனதுக்குள் ஒருமுறை கடைசி வரி வரை படிக்கட்டும். கையில் பேனா வேண்டாம், டிக்‌ஷனரி வேண்டாம், போனும் வேண்டாம். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போகட்டும். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "அக்கா, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்றால்..." என்று தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் கதை கேட்பது போல் கேளுங்கள். யார் செய்தது? எங்கே? ஏன் அப்படிச் செய்தார்கள்? அப்புறம் என்ன ஆச்சு? அவன் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றால், பெரும்பாலும் அவனுக்கும் புரியவில்லை. மறுபடி புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கேள்விகளுக்குப் போவது இதற்குப் பிறகுதான்.

அவன் ஒவ்வொரு விடையும் எழுதியதும் ஒரே ஒரு வேலை: "இதை எந்த வரியிலிருந்து எடுத்தாய்? விரல் வைத்துக் காட்டு." இதற்கு உங்களுக்கு ஒரு சொல்கூட இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. விரல் தயங்கினால் விடை ஊகம் என்று தெரிந்துவிடும். விரல் நேராகப் போய் நின்றால், அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு அது பதில்தானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் ஊர்ச் சேதி ஒன்றை வைத்தே செய்து காட்டுகிறேன். பத்தி ஆங்கிலத்தில் இருக்கும், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராகக் கிளம்பினார்கள். முந்தைய ஆண்டின் இறுதியில் வந்த புதிய உடை விதிகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதில் புதிய ஒன்றை அணிய வேண்டும் என்பவை அந்த விதிகள். அதில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் அதைத் தங்கள் சமயத்துக்கு இழுக்காக நினைத்தார்கள். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். சேதி ஆற்காட்டுக்கு எட்டியதும் கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். கிளர்ச்சி அன்றைக்கே அடக்கப்பட்டது."

கிளர்ச்சி எப்போது நடந்தது என்று கேட்டால் யாரும் எழுதிவிடுவார்கள். புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் ஏன் வெறுத்தார்கள் என்று கேட்டால்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். தலைப்பாகை என்ற சொல் மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, 'பழைய தலைப்பாகைக்குப் பதில் புதிய ஒன்றை அணிய வேண்டும்' என்று எழுதி வைப்பார்கள். அது ஆணை, காரணம் இல்லை. காரணம் அடுத்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. அங்கே தலைப்பாகை என்ற சொல்லே வராது, வெறும் 'அது'தான் வரும். அதனால் இட், தே, திஸ், ஹிஸ் மாதிரி சொற்கள் வரும்போதெல்லாம் "அதுன்னா எது? அவங்கன்னா யாரு?" என்று நீங்கள் கேட்க வேண்டும். அவன் பத்தியில் மேலே தேடிப் போய் உரிய பெயரைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் தோற்கிற இடங்களில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

'கிளர்ச்சி பல நாள் நீடித்ததா?' என்று ஒரு கேள்வி வந்தால்? பல நாள் என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. சொல்லைத் தேடுகிறவன் கைவிட்டுவிடுவான். சேதியைத் தெரிந்துகொண்டவன் கடைசி வரியைக் காட்டி 'இல்லை' என்று எழுதுவான். தலைப்பு வைக்கச் சொன்னால், 'வேலூர்க் கோட்டை' என்பது ரொம்பப் பெரிசு, கோட்டையின் முழு வரலாறும் அதில் அடங்கிவிடும். 'தலைப்பாகை' என்பது ரொம்பச் சின்னது. '1806 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி' என்றால் எல்லா வரியும் அதற்குள் வந்துவிடும். தம்பி எந்தத் தலைப்பு வைத்தாலும், எந்த வரி இதற்குள் அடங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். தானே திருத்திக்கொள்வான்.

விடையை வாக்கியமாக எழுதுவதற்கு ஒரு எளிய வழி, கேள்வியையே பாதி விடையாக்கிக்கொள்வது. 'வை டிட் தி சோல்ஜர்ஸ் டிஸ்லைக் தி நியூ டர்பன்?' என்று கேட்டால், 'தி சோல்ஜர்ஸ் டிஸ்லைக்ட் தி நியூ டர்பன் பிகாஸ்...' என்று தொடங்கலாம். டிட் போய்விடும், அந்த இறந்தகாலம் வினைச்சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் டிட்டையும் வைத்துக்கொண்டு எழுதுவார்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுவார்கள். இதை மட்டும் ஒரு வாரம் பழகினால் கை தானாக எழுதும்.

சொற்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஆயிரம் வார்த்தை, ஐயாயிரம் வார்த்தை என்று விற்கிற புத்தகங்கள் இப்போது வேண்டாம். பத்திக்கு மூன்று நான்கு சொல் போதும். உண்மையிலேயே வழியை மறித்த சொல் எதுவோ அதை மட்டும், அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதட்டும். இதைவிட முக்கியம், பேச்சைத் திருப்பிவிடும் சின்னச் சொற்கள்: பட், ஆல்தோ, ஹவெவர், பிகாஸ், தேர்ஃபோர், அன்லெஸ், எக்ஸெப்ட், இன்ஸ்டெட், நெய்தர். இவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இவற்றைக் கவனிக்காமல் போனால், தெரிந்த சொற்களே இருக்கும் பத்தியும் தலைகீழாகப் புரியும். பத்தியில் இவை வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போடட்டும்.

பயிற்சிக்குப் பத்திகள் எங்கே கிடைக்கும்? 'தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படி' என்று அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு அது தவறான யோசனை. இரண்டே நாளில் சோர்ந்துவிடுவான். தெருவில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை யாரிடமாவது ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கதைப் பகுதி தம்பிக்கு அளவான வாசிப்பு. பிளஸ் டூ பையன் எட்டாவது புத்தகமா என்று முதலில் கூச்சப்படுவான். கதை புரிந்து படிப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அதற்கு இதுதான் இடம். மூன்று வாரம் போனதும் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு ஏறலாம். அதன் பிறகு பழைய பிளஸ் டூ வினாத்தாள்கள். அவனுடைய ஆங்கில ஆசிரியரிடம் கேட்டால் கட்டாயம் இருக்கும்.

இந்தப் பயிற்சியின் பலன் ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. பத்தியைச் சுருக்கி எழுதுவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் வேண்டியது இதே திறமைதான். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10, ஆக மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35 என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கும். மனப்பாடத்தை மட்டும் நம்பினால், எதிர்பார்த்த கட்டுரை வராத அன்று 35 கூட ஆட்டம் கண்டுவிடும். நர்சிங் ஆசையையும் மறக்க வேண்டாம். அங்கே பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மருந்துச் சீட்டும் நோயாளியின் கேஸ் ஷீட்டும் ஆங்கிலம்தான். ஒரு வரியைப் பாதி புரிந்துகொண்டு ஊசி போட முடியாது. இதை அவனுக்குப் பயமுறுத்தலாகச் சொல்லாதீர்கள், அவனுக்குப் பிடித்த வேலையின் ஒரு பகுதி என்று சொல்லுங்கள்.

தேர்வு அறையில் முறை சற்று மாறும். வீட்டில் பத்தியை முதலில் படித்தவன், அங்கே கேள்விகளை முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் தேவைப்பட்டது புரிதல், அங்கே தேவை நேரம். காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, அதைப் படித்துப் பார்க்கவே 10 நிமிடம் தருகிறார்கள். விடைத்தாள் முகப்பைச் சரிபார்க்க இன்னும் 5 நிமிடம். எழுதத் தொடங்குவது 10.15க்கு. அந்த முதல் 10 நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தெரிந்த கட்டுரை வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தம்பி அந்த நேரத்தில் பத்தியின் கேள்விகளையும் பத்தியையும் ஒருமுறை படித்து முடித்துவிடட்டும். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. விடை இருக்கும் வரி எது என்று தெரிந்து, சொந்த வாக்கியம் வரவில்லை என்றால், அந்த வரியையாவது எழுதிவிட்டு வரட்டும்.

நோட்டை வீசியதற்கு, இன்று ராத்திரியே தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அன்னைக்குக் கோபத்துல செஞ்சிட்டேன்டா, மனசுல வச்சுக்காத" என்றால் போதும், நீட்டி முழக்க வேண்டாம். களைப்போடு வந்த நாளில் உட்காராதீர்கள், ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. அவன் தப்பாகக் கதை சொன்னாலும் முழுசாகச் சொல்லி முடிக்க விடுங்கள். நடுவில் வெட்டினால் அடுத்த நாள் சொல்லமாட்டான்.

எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அந்த வார விடைகளை எல்லாம் ஒரே நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஆங்கில ஆசிரியரிடம் அவனே கொண்டுபோய்க் காட்டட்டும். ஆசிரியர்கள் வேலைப்பளுவில் இருப்பார்கள் என்று தயங்க வேண்டாம். கேட்காமலேயே ஒரு பிள்ளை தானாக எழுதிக் கொண்டுவந்தால், அதைத் திருத்திக் கொடுக்காத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.