டி-அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதிகள்: கேள்வி பதில்

கெலுகோர் மாணவி: புரதத்தில் இருப்பதெல்லாம் எல்-அமினோ அமிலம்தானே அண்ணா. டி-வகையைச் சிதைக்க உடம்பில் எதற்கு நொதி?

டி, எல் இரண்டும் ஒரே அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள். குடல் பாக்டீரியாவின் செல் சுவரில் டி-அலனினும் டி-குளுட்டமேட்டும் இருக்கின்றன. டி-செரினையும் டி-ஆஸ்பார்டேட்டையும் உடம்பே தயாரிக்கிறது. இவற்றைக் கையாள இரண்டு நொதிகள். நடுநிலை, கார வகைகளுக்கு டி-அமினோ அமில ஆக்சிடேஸ்; இதைச் சிறுநீரகத்தில் 1935-இல் கண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அமில வகைகளுக்கு டி-ஆஸ்பார்டேட் ஆக்சிடேஸ். இரண்டுக்கும் துணைநொதி எஃப்ஏடி. ஆக்சிஜனும் நீரும் செலவாகி கீட்டோ அமிலம், அமோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் வெளிவரும். பெராக்சைடு செல்லுக்கு ஆபத்து என்பதால் வேலை பெராக்சிசோம் என்ற, செல்லுக்குள் இருக்கும் சிறு பைக்குள் நடக்கிறது. அதை உடைக்கும் கேட்டலேஸும் அங்கேயே இருக்கிறது.

கோலாலம்பூர் ஆய்வக உதவியாளர்: சௌக்கிட் சந்தையில் வாங்கிய ஆட்டுக் கிட்னியில் டி-அமினோ அமில ஆக்சிடேஸை அளக்கிறோம். நிறம் ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

முதலில் எந்தப் பகுதியை அரைத்தீர்கள் என்று பாருங்கள். நொதி அண்மைச் சுருள்குழாய்களில்தான் அதிகம், அதாவது வெளிப்புறப் புறணியில். கிட்னியை நீளவாக்கில் பிளந்து, கொழுப்புறையை உரித்து, வெளிச்சுற்றில் இருக்கும் பழுப்புச் சிவப்புத் திசுவை மட்டும் சீவி எடுங்கள். நடுவில் வெளிறிய மெடுல்லாவையும் சேர்த்து அரைத்தால் செயல்பாடு நீர்த்துப்போகும். வாங்கிய உடனே ஐஸில் வைக்க வேண்டும்.

1 கிராம் திசுவுக்கு 9 மில்லி குளிர்ந்த 50 மில்லிமோலார் சோடியம் பைரோபாஸ்பேட் தாங்கல், பிஎச் 8.3. அதில் 0.1 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 சேருங்கள். அது இல்லாவிட்டால் பெராக்சிசோம் சவ்வு உடையாமல் நொதியின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் மேல்நீரை எடுங்கள். 1 மில்லி வினைக் கலவையில் மேல்நீர் 0.1 மில்லி, டி-அலனின் 50 மில்லிமோலார், எஃப்ஏடி 20 மைக்ரோமோலார், மீதி தாங்கல். 37 டிகிரியில் 20 நிமிடம். 25 சதவீத ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் 0.25 மில்லி ஊற்றி நிறுத்தி, சுழற்றுங்கள். தெளிந்த நீரில் 0.5 மில்லி எடுத்து, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 1 மில்லிமோலார் டைநைட்ரோபினைல் ஹைட்ரசின் 0.5 மில்லி சேர்த்து 10 நிமிடம் விடுங்கள். பிறகு 1.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1.5 மில்லி. ஹைட்ரசின் கீட்டோ அமிலத்தோடு சேர்ந்து தரும் நிறத்தை 445 நானோமீட்டரில் படியுங்கள்.

நிறம் ஏறாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று எஃப்ஏடி. பாலூட்டி நொதியில் அது தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். நீர்த்தாலோ டயாலிசிஸ் செய்தாலோ கழன்றுபோகும். வெளியிலிருந்து சேர்த்தே ஆக வேண்டும், கரைசலை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மற்றொன்று ஆக்சிஜன். 37 டிகிரி நீரில் கரைந்திருப்பது சுமார் 0.2 மில்லிமோலார்தான். குறுகிய குழாயில் அசைக்காமல் வைத்தால் அது தீர்ந்ததும் வினை நின்றுவிடும். அகலமான குழாயில் ஊற்றி, குலுக்கிக்கொண்டே இருங்கள்.

ஒப்பீட்டுக்கு ஒரு குழாயில் எல்-அலனின், இன்னொன்றில் டி-அலனினோடு 5 மில்லிமோலார் சோடியம் பென்சோவேட். பென்சோவேட் இந்த நொதியில் டி-அலனின் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். அதிலும் நிறம் வந்தால் அது திசுவில் முன்பே இருந்த பைருவேட், அதாவது டி-அலனினிலிருந்து வரும் அதே கீட்டோ அமிலம்.

அவரே: பெராக்சிடேஸ் கிட் வைத்துப் பெராக்சைடை அளந்தால் சுலபம் இல்லையா?

சுத்திகரித்த நொதிக்குச் சரி. கிட்னி அரைப்பில் வேண்டாம். அதில் உள்ள கேட்டலேஸ் பெராக்சைடைத் தின்றுவிடும். எண் குறைவாக வரும், நொதி இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். சுத்தமான நொதியில் சிக்கல் நேரெதிர்: கேட்டலேஸ் இல்லாததால் பெராக்சைடு பைருவேட்டை அசிட்டேட்டாக மாற்றிவிடும், கீட்டோ அமிலம் குறைந்து தெரியும். அங்கே கேட்டலேஸைச் சேர்த்துத்தான் கீட்டோ அமிலத்தை அளக்க வேண்டும்.

பினாங்கு முதுகலை மாணவர்: டி-புரோலின் கொடுத்தேன். அமோனியா வரவில்லை, ஆனால் ஆக்சிஜன் குறைகிறது.

சரியாகத்தான் நடக்கிறது. புரோலினின் நைட்ரஜன் வளையத்தோடு கட்டுண்டது. விளைவது பைரோலின் கார்பாக்சிலேட், நைட்ரஜன் அதிலேயே இருக்கும். அமோனியாவை அளந்தால் பூஜ்யம்தான் வரும்.

செபெராங் பிறை கோழிப்பண்ணையாளர்: தீவனத்தில் டிஎல்-மெத்தியோனின் போடுகிறோம். பாதி டி-வகை வீணாகிறதா?

இல்லை ஐயா. கோழியின் சிறுநீரகமும் ஈரலும் டி-மெத்தியோனினை ஆக்சிடேஸால் கீட்டோ அமிலமாக்கும். அதன் மேல் ட்ரான்ஸ்அமினேஸ் அமினோ தொகுதியை ஏற்றி எல்-மெத்தியோனினாக்கும். ஆகவே கோழிக்கு அது கிட்டத்தட்ட முழுதும் பயன்படும். மனிதர்கள் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. இதே கணக்கை லைசினுக்குப் போடாதீர்கள். லைசினின் கீட்டோ அமிலத்தை உடம்பால் திரும்ப லைசினாக்க முடியாது. அதனால்தான் சந்தையில் விற்பது எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு. விலை குறைவு என்று டிஎல்-லைசின் யாராவது நீட்டினால் பாதிப் பணம் வீண்.

இன்னொரு கேள்வி: இறாலிலும் சிப்பியிலும் டி-அலனின் இருக்கிறதாமே. சாப்பிடலாமா?

தாராளமாக. கடல்நீரின் உப்பைச் சமாளிக்க இறாலும் நண்டும் சில சிப்பிகளும் அதைச் சேர்த்து வைக்கின்றன. நம் சிறுநீரகமும் ஈரலும் அதைப் பைருவேட்டாக்கிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை, ஆய்வு செய்பவர்களுக்கு: சுண்டெலியின் ஈரலை மனித ஈரலுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் இந்த ஆக்சிடேஸ் கண்டறியும் அளவுக்கு இல்லை; சுண்டெலியின் சிறுநீரகத்தை எடுங்கள்.